தகவற் பெருக்கும் அன்றாட வாழ்வும்

ஒரு சுவடிக்காக ஊர் ஊராக நடந்தவர்கள் வாழ்ந்த மொழி நம்முடையது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொணர்ந்தார். அப்பணியில் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி ஏடு தேடி அலைவதிலும், கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்குவதிலுமே கழிந்தது. அவருக்கும் முன்னர், 1842ஆம் ஆண்டில், புலவர் நாயகம் என்று போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை முதன்முதலாக அச்சேற்றியதும் அத்தகைய உழைப்பின் பயனேயாகும். பொருள் கிடைத்தற்கு அரிதாயிருந்த அக்காலத்தில், கிடைத்ததைப் பலமுறை படித்தனர். படித்ததை நெஞ்சில் இருத்தினர். இருத்தியதைப் பிறர்க்கு எடுத்துரைத்தனர். அருமையே அதற்கு மதிப்பைத் தந்தது.

இன்று நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் பழந்தமிழ் நூல்களைப் பொருட்செலவின்றி உலகெங்கும் வழங்குகின்றன. இவ்வளர்ச்சியைக் குறைகூற எவர்க்கும் மனம் வாராது, எனக்கும் வாராது. எனினும் வகுப்பறையில் நான் நாள்தோறும் காண்பது வேறொன்று. புறநானூற்றுப் பாடல்கள் அனைத்தையும் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாணவர், அவற்றுள் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மூன்று முறை வேறிடம் சென்று மீள்கின்றார். அவரிடம் அறிவுக்குக் குறைவில்லை, ஆர்வத்திற்கும் குறைவில்லை. ஒரு பொருளின்மேல் நிலைத்து நிற்கும் கவனமே குறைந்துள்ளது.

இந்நிலை வரும் என்பதைக் கணிப்பொறி வீட்டுக்குள் நுழையாத காலத்திலேயே சிலர் உணர்ந்திருந்தனர். அமெரிக்க அறிஞர் பெர்ட்ராம் கிராஸ் 1964ஆம் ஆண்டில் நிருவாகவியல் பற்றி எழுதிய நூலில் தகவற் சுமை என்னும் பொருள்படும் தொடரை ஆண்டார். ஆல்வின் டாஃப்ளர் 1970இல் வெளியிட்ட ‘ஃபியூச்சர் ஷாக்’ என்னும் நூல் அத்தொடரை உலகறியச் செய்தது. ஆயினும் இவர்கள் எல்லாரினும் நுட்பமாகச் சிந்தித்தவர், பின்னாளில், 1978ஆம் ஆண்டில், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் என்றே கருதுகின்றேன். தகவல் பெருகினால் வேறேதோ ஒன்று குறைந்தாக வேண்டும். தகவல் எதனைத் தின்று வளர்கின்றதோ அதுவே குறையும். தகவல் தின்பது மனிதரின் கவனத்தை என்பது 1971ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்த கருத்தின் சாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதனினும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

கவனம் எல்லையுடையது என்பதற்கு உளவியலார் தரும் சான்றுகள் பல. ஜார்ஜ் மில்லர் என்பார் 1956ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் ஒரே வேளையில் மனத்தில் ஏந்தி நிற்கக்கூடிய கூறுகள் ஏழு என்றும், அதில் இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் கூறினார். 2001ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் அதனை மீண்டும் ஆராய்ந்து, எண்ணிக்கை நான்கை ஒட்டியே அமையும் என்றார். ஏழோ நான்கோ, கைப்பிடி அளவுதான். சோஃபி லெராய் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மற்றொரு நுட்பத்தை உணர்த்துகின்றது. ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு நாம் தாவும்போது கவனம் முழுமையாக உடன் வருவதில்லை. முன்னைய வேலையில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே நிற்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் விருந்தினரோடு பேசும் தாய்மார்க்கு இவ்வுண்மையை எந்த ஆய்வேடும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் அத்தாயின் அடுப்பில் ஒரு பால்தான் இருந்தது. இன்று நம் ஒவ்வொருவர் அடுப்பிலும் பத்துப் பால் பொங்கிக்கொண்டிருக்கின்றன.

‘இது பழைய புலம்பல்தானே’ என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. அச்சுப்பொறி தோன்றி நூறாண்டு நிறைவதற்குள்ளேயே ஐரோப்பியர் நூல்களின் பெருக்கத்தைக் கண்டு மருண்டனர். சுவிட்சர்லாந்து நாட்டுக் கான்ராட் கெஸ்னர் 1545ஆம் ஆண்டில் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழி நூல்களுக்கெல்லாம் ஒரு பெரும் அட்டவணையைத் தொகுக்க முனைந்தது அம்மருட்சியின் விளைவே. நூலட்டவணை, பொருளகராதி, கலைக்களஞ்சியம் ஆகிய கருவிகள் யாவும் பெருக்கத்தை ஆள்வதற்கு மனிதர் கண்ட வழிகளாம். தமிழிலும் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது. பெருக்கத்தை மனிதர் முன்னும் வென்றிருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அன்றைய பெருக்கத்துக்கும் இன்றையதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கின்றது. நூலகத்தை நாடி நாம் சென்றோம். இன்று தகவல் நம்மை நாடி வருகின்றது. நூலகத்தார்க்கு நாம் ஒரு நூலைக் கூடுதலாகப் படிப்பதால் ஊதியம் கூடியதில்லை. இன்று நாம் திரையை நோக்கும் நேரம் வேறொருவர்க்கு வருவாய். கூகுள், ஃபேஸ்புக் ஆகியவற்றை நடத்தும் நிறுவனங்களின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்தால் வருவது என்பது யாவரும் அறிந்ததே. நம் கண் எவ்வளவு நேரம் திரையில் நிற்கின்றதோ அவ்வளவுக்கு விளம்பரம் விலைபோகும். ஆகவே நம்மை அங்கிருந்து எழவிடாமல் செய்வது அவர்தம் தொழிலின் இயல்பாகிவிட்டது.

இதற்குத் துணையாக வந்தது முடிவின்மை. காலையில் வந்த நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. வானொலிச் செய்தி முடிந்ததும் முடிந்தது என்று அறிவித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் சென்றனர். வீட்டாரும் அவரவர் வேலைக்குச் சென்றனர். 1975ஆம் ஆண்டில் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றபோது, இரவில் நிலையம் மூடும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. ‘போதும்’ என்று சொல்லும் பொறுப்பை அந்த ஊடகங்களே ஏற்றிருந்தன. 2006ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடிய முடிய அடுத்த பக்கம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். அதன்பின் திரைக்கு அடிப்பகுதி என்பதே இல்லாமற் போயிற்று. தாம் செய்ததற்காக அவரே பின்னாளில் வருந்தினார்; ஆனால் முறைமை நின்றுவிட்டது.

நம் நாட்டில் இதனோடு சேர்ந்த காரணம் ஒன்றுண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கிய பின்னர் இணையத்தின் விலை மளமளவென்று வீழ்ந்தது. அதுவரை மாதத்துக்கு ஒரு ஜிபி வாங்கிச் சிக்கனமாகச் செலவிட்டவர்கள், நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்னும் திட்டங்களுக்கு மாறினர். இத்திட்டங்களில் அன்றைய பங்கு நள்ளிரவோடு காலாவதியாகும். பணம் கொடுத்து வாங்கியதை வீணாக்கலாகாது என்பது நம் குடும்பங்களில் ஊறிய பண்பு. சோற்றுப் பருக்கையை வீணாக்காத அதே மனம், இரவு பதினொரு மணிக்கு ‘இன்னும் அரை ஜிபி மிச்சம் இருக்கிறதே’ என்று எண்ணுகின்றது. விடுதி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்கள். சிக்கனமே இங்கு வீண்செலவாக மாறிவிட்டது, செலவாவது உறக்கம்.

இனி இல்லத்துக்குள் வருவோம். இன்று நடுத்தரக் குடும்பத்தார் ஒருவர் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கின்றார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். உறவினர் குழு, அதிலிருந்து பிரிந்த மற்றோர் உறவினர் குழு, தெருக் குழு, மஹல்லாக் குழு, பிள்ளைகளின் வகுப்புக் குழு, பழைய மாணவர் குழு, அலுவலகக் குழு, அலுவலகத் தலைவரை நீக்கிவிட்டு அமைத்த அலுவலகக் குழு எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பெற்றதுதான். காலை வணக்கப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவியும். இந்தியரின் இவ்வழக்கத்தால் கைப்பேசிகளின் சேமிப்பிடம் நிரம்பி வழிவதைக் கண்டு, அத்தகைய படங்களைக் கண்டறிந்து நீக்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் தன் செயலி ஒன்றில் சேர்த்ததாக 2018ஆம் ஆண்டில் செய்தி வந்தது. அன்பின் வெளிப்பாட்டைக் குப்பையாகக் கருதி அகற்ற ஓர் எந்திரம் வேண்டியதாயிற்று!

நகைப்புக்குரியது இது எனின், நகைக்க இயலாதது ஒன்றும் உண்டு. எங்கள் பகுதியில் ஒருவர் மறைந்தால், முன்னர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பர்; அல்லது ஒருவர் வீடு வீடாகச் சென்று சொல்லி வருவார். கேட்டவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார். இப்போது மௌத் அறிவிப்பும் குழுவிலேயே வருகின்றது. ஒரு மனைக்கட்டு விளம்பரத்துக்கும் ஒரு சமையற் குறிப்புக்கும் இடையில், அவற்றின் அளவிலேயே, அதே எழுத்தில் அது கிடக்கின்றது. அடுத்த தெருவில் வாழ்ந்த முதியவரின் ஜனாஸாவுக்குச் செல்லவேண்டியவர்கள் அன்றிரவுதான் செய்தியைக் கண்டு, மறுநாள் அவர் மக்களிடம் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கின்றேன். அறிவிக்காதவர் எவருமில்லை, அறிந்தவர்தாம் சிலர். தகவல் பெருகுவதால் நேரும் முதற்கேடு இதுவென்பேன்: சிறியதும் பெரியதும் ஒரே உருவத்தில் வரும்போது, பெரியதைப் பெரியது என்று காட்டும் அடையாளம் அழிந்துபோகின்றது.

இதனைப் பொறியியல் துறையினர் வேறொரு களத்தில் முன்னரே கண்டனர். 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. மூட வேண்டிய ஓர் அடைப்பிதழ் மூடாமல் நின்றுவிட்டது. முதற்சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. அவற்றுள் எது முதன்மையானது, எது அதன் விளைவு என்று பிரித்தறிய ஊழியர்களால் இயலவில்லை. மருத்துவமனைகளிலும் இதே இடர் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் எழுப்பும் ஒலிகளுள் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்டவை எச்செயலும் தேவைப்படாதவை என மதிப்பிட்டுள்ளனர். ஓயாது ஒலிப்பதைச் செவிலியர் செவி கேளாதாகிவிடுகின்றது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 2009 சனவரி முதல் 2012 சூன் வரை தனக்கு வந்த இத்தகைய நிகழ்வுகள் 98 என்றும், அவற்றுள் 80இல் நோயாளி இறந்தார் என்றும் 2013ஆம் ஆண்டில் எச்சரித்தது. கருவி ஒலிக்காமையால் நேர்ந்த கேட்டினும், ஒலித்துக்கொண்டே இருந்தமையால் நேர்ந்த கேடு சிறியதன்று.

நம் கைப்பேசியும் ஏறத்தாழ அத்தகைய சிகிச்சைப் பிரிவாகிவிட்டது. வங்கியிலிருந்து வருவது, கடையிலிருந்து வருவது, கடன் தருவதாகச் சொல்வது, மின்கட்டணம் செலுத்தவில்லை என்று மிரட்டுவது யாவும் ஒரே மணியோசையில் வருகின்றன. மெய்யான வங்கிச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் வந்துவிட்ட பின்னர், பொய்யான செய்தி வரும் நாளில் மட்டும் நிதானம் எங்கிருந்து வரும்? ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லிக் காணொளி அழைப்பில் முதியோரை மணிக்கணக்கில் அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி 2024ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க நேர்ந்தது. அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. ஏமாற்றப்பட்டவர் உடனே அழைக்கவேண்டிய எண் 1930. இந்த எண்ணை இம்மலரைப் படிக்கும் பெரியோர்கள் ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைத்தல் நலம். கைப்பேசியில் குறித்துவைத்தால் அதுவும் வெள்ளத்தில் போய்விடும்.

வதந்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வதந்தி எக்காலத்தும் இருந்ததே. எனினும் நின்று வினவ நேரமில்லாத மனம் அதற்கு இன்று வளமான நிலமாக அமைந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், பெருமழை இன்னும் வரவிருப்பதாக அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா கூறிவிட்டது என்றும் செய்திகள் பறந்தன, இரண்டும் பொய். அதே நாட்களில் அதே கைப்பேசிகள்தாம் உணவு தேவைப்பட்ட தெருக்களையும் படகு தேவைப்பட்ட வீடுகளையும் அடையாளம் காட்டின என்பதையும் மறத்தலாகாது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்ததோ நெஞ்சை உலுக்குவது. பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகின்றனர் என்ற செய்தி வடமாவட்டங்களில் கைப்பேசி வழியே பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு குடும்பத்தினர் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அவர்களுள் ஒருவராகிய 65 வயது மூதாட்டி, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார். அடித்தவர்கள் கொலைத் தொழிலர் அல்லர். நம்மைப் போன்று குழந்தைகளைப் பெற்றவர்கள்.

அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றோடு பரவிய பொய்களின் பெருக்கை உலகச் சுகாதார நிறுவனம் தகவற் கொள்ளைநோய் என்னும் பொருளில் பெயரிட்டழைத்தது. மெத்தனால் குடித்தால் நோய் தீரும் என்று நம்பி ஈரானில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நம் நாட்டிலோ, உணவு வீணாகலாகாது என்று தட்டை வழித்துண்ணும் போரா சமூகத்தாரின் பழைய காணொளியொன்று, முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோய் பரப்புவதாகத் திரிக்கப்பட்டு ஊரெங்கும் வலம்வந்தது. அதனால் காயம்பட்ட நம் குழுக்களில், பிறரைப் பற்றிய சரிபாராத செய்திகள் வருவதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? இயலாது.

நபிமொழிக் கலையைப் பயின்ற ஆலிம் பெருமக்களிடம் இதற்கொரு பழைய அளவுகோல் இருக்கின்றது. ஒரு நபிமொழி வந்தால், மூலச் சொற்களாகிய ‘மத்ன்’ எவ்வளவு இனிமையாயினும், அறிவிப்பாளர் வரிசையாகிய ‘சனது’ ஆராயப்பெற வேண்டும். யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்தவர்களா, கேட்டவரின் நினைவாற்றல் எத்தகையது, வாய்மை எத்தகையது என்பவற்றை வினவுவதற்காகவே அறிவிப்பாளர் வரலாறுகள் தொகுதி தொகுதியாக எழுதப்பட்டன. கைப்பேசியில் ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறியோடு வரும் செய்தியிலோ மத்ன் மட்டுமே எஞ்சி, சனது முற்றாக அறுந்துபோகின்றது. நமக்கு அனுப்பியவர் நல்லவர் என்பது மட்டுமே சான்றாகின்றது. அவருக்கு அனுப்பியவர் யார் என்பதை அவரும் அறியார். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் பாடவேறுபாடுகளைக் குறித்துக்காட்டியதும் இதே நேர்மையின் மற்றொரு வடிவமேயாகும்.

தெரிவு செய்தலிலும் இப்பெருக்கு நம்மைத் தடுமாற வைக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் பொறியியற் கலந்தாய்வுக்கு அணியமாகும் குடும்பங்களைக் காண்கின்றோம். தமிழ்நாட்டில் நானூற்றுக்கு மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் உள்ளன. அவற்றைப் பற்றிய காணொளிகளோ எண்ணில. முதல் வாரத்தில் தெளிவாயிருந்த பிள்ளை மூன்றாம் வாரத்தில் குழம்பி நிற்கின்றது. சீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கடையொன்றில் 24 வகைப் பழப்பாகுகளை வைத்தபோது நின்று பார்த்தவர்களுள் நூற்றுக்கு மூவரே வாங்கினர். 6 வகைகளை மட்டும் வைத்தபோது நூற்றுக்கு முப்பதின்மர் வாங்கினர். பின்வந்த ஆய்வுகள் எல்லா இடத்தும் இவ்விளைவைக் காணவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். தான் விரும்புவது இன்னது என்று முன்னரே அறிந்தவரைப் பெருக்கம் அவ்வளவாக வாட்டுவதில்லை, அறியாதவரையே வாட்டுகின்றது. பதினேழு வயதில் அதனை அறிந்தவர் எத்துணைப் பேர்?

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை உவமைகளால் வகைப்படுத்தியிருப்பதை இளநிலை மாணவர் யாவரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற இப்பகுதியை இன்றைய கைப்பேசியோடு வைத்துப் படித்தால் புதுப்பொருள் தோன்றுகின்றது. ஆடு எச்செடியிலும் வயிறு நிறைய மேயாது. இங்கொரு தழை, அங்கொரு தழை என்று கடித்துக்கொண்டே நகரும். விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகும் நம் நிலையை இதனினும் செம்மையாக எவர் சொல்லக்கூடும்? நெய்யரி என்பது பன்னாடை; நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. நாள் முழுதும் நூறு செய்தி கண்ட பின் இரவில் நினைவில் நிற்பவை எவையென்று எண்ணிப் பார்த்தால் பன்னாடையின் பொருத்தம் விளங்கும்.

ஆனால் இவ்வுவமைகளுள் என்னை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைப்பது ஆதான். பசு மிகுதியாகவே மேய்கின்றது என்பதை நோக்க வேண்டும். புல் மிகுதி அதற்குக் கேடாகவில்லை. ஏனெனில் மேய்ந்த பின் அது ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுகின்றது. நமக்கு முன்னர் இருந்த அசைபோடும் நேரங்கள் தாமாகவே அமைந்தவை: பேருந்துக்குக் காத்திருந்த நேரம், நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற நேரம், உறக்கம் வருமுன் மோட்டைப் பார்த்துக் கிடந்த நேரம். அவற்றை வெறும் நேரம் என்று எண்ணினோம். காலையில் படித்தது அந்நேரத்தில்தான் உள்ளே சென்று படிந்தது. இன்று அவ்விடைவெளிகள் அனைத்தையும் கைப்பேசி நிரப்பிவிட்டது. மேய்ச்சல் ஓயவில்லை, அசைபோடல் ஓய்ந்துவிட்டது.

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, அசைபோடும் பணியையும் எந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்னும் எண்ணம் மாணவரிடையே பரவியுள்ளது. நீண்ட கட்டுரையைக் கொடுத்தால் பத்து வரியில் சுருக்கித் தருகின்றது. பயனில்லை என்று சொல்லமாட்டேன். நம் மரபிலும் பொழிப்புரை என்னும் வகை உண்டே. ஆயினும் மூலத்தை விட்டுவிட்டுப் பொழிப்பை மட்டும் படித்தவரைப் புலவர் என்று எவரும் அழைத்ததில்லை. அன்றியும் சுருக்கித் தரும் அதே எந்திரம் நொடிப்பொழுதில் விரித்தும் எழுதுகின்றது. ஆகவே இது பெருக்கைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை.

நன்னூலார் மற்றுமொன்று சொல்கின்றார். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கருக்குப் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்குத் தாம் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கை மெய்ப்பித்துப் பார்க்க எங்கள் துறையில் இவ்வாண்டு முதல் வாரத்துக்கொரு வாசிப்பு நேரம் அமைத்துள்ளோம். வாயிலில் ஒரு பனையோலைப் பெட்டி, கைப்பேசிகள் அதற்குள். நாற்பது நிமிடம் படித்தல், பின்னர் இருபது நிமிடம் ஒருவர்க்கொருவர் சொல்லுதல். முதல் நாள் எட்டு மாணவர் வந்தனர். பதினைந்தாம் நிமிடத்தில் மூவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தனர். இப்போது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைப் படித்து வருகின்றோம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி இரக்கத்துக்குரியவரா, வெறுப்புக்குரியவரா என்று சென்ற வாரம் எழுந்த வாதம் மணியடித்த பின்னும் தாழ்வாரத்தில் தொடர்ந்தது. இருவர் மட்டும் பெட்டியை நோக்கி விரைந்தனர். அவர்களுள் ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாதத்துக்கே திரும்பி வந்தார். இப்போது பதினெட்டுப் பேர் வருகின்றனர். நூலின் படிகள் பன்னிரண்டே உள்ளமையால் இருவர்க்கு ஒரு படி என்று அமர்ந்து படிக்கின்றனர்.